கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோன வரைபடம்

வெள்ளவத்தையில் நான் தங்கிய விடுதியில் அறைச் சாவியைத் தருவதற்கு முன் ஒரு படிவத்தைத் தந்தார்கள். பெயர், ஊர், எத்தனை நாள், கொழும்பில் யாரைத் தெரியும், வந்த காரணம். கடைசிக் கட்டம் சிறியது. தண்ணீர், சாலை, தீயணைப்பு மூன்றையும் பக்கத்துப் பக்கத்து உள்ளூராட்சி சபைகள் சேர்ந்து திட்டமிடுவது பற்றிய கூட்டம் என்று எழுத அதில் இடமில்லை. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். விடுதி நடத்தும் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டிங் எண்டு எழுதுங்கோ, காணும். இது பொலிசுக்குக் குடுக்கிறது. எல்லாருக்கும்தான்" என்றார்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். அது வடக்கில் நடக்கிறது, கொழும்பு வேறு என்ற நினைப்போடுதான் நான் வந்தேன். எங்கள் ஊர் நாளிதழ்களில் அப்படித்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்தில் குடிநீர்ப் பொறியாளர் நான். ஒரு பேரூராட்சியையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் ஒரே குழாயில் இணைக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் என் வேலைக்காலத்தில் பாதி போயிருந்தது. குழாய் பதித்தது இரண்டு வருடம். வால்வை யார் திறப்பது, யார் மூடுவது என்று பேசி முடிக்க ஐந்து வருடம். அந்த ஐந்து வருட அனுபவத்தைச் சொல்லத்தான் கொழும்புக்கு அழைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை விடுதியில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போட்டுத் தின்பவள் நான். மஞ்சள் நிறத்தில் புளிப்பும் காரமுமாக வந்த சொதியை முதலில் சந்தேகத்தோடு ஊற்றினேன். மூன்றாவது தடவை நானே கேட்டு வாங்கினேன். பக்கத்து மேசையில் ஒரு தாயும் மகளும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு மாதமாக விசாவுக்காகக் காத்திருக்கிறார்களாம். விடுதியில் பாதிப் பேர் அப்படித்தான். யாரும் பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கவில்லை.

காலி வீதியில் பேருந்து ஏறினேன். நடத்துநர் "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர் நடத்துநர் "உள்ளே போ, உள்ளே போ" என்பதற்கும் இதற்கும் சுருதிகூட மாறவில்லை. பம்பலப்பிட்டி தாண்டியதும் எஞ்சின் சூடேறி வண்டி நின்றது. ஓட்டுநர் ஒரு தேநீர்க் கடையிலிருந்து வாளியில் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. இம்முறை சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டி, சிறிது தூரம் நடந்து மறுபடி ஏற வேண்டும். சிலர் சட்டென்று ஏறிவிட்டார்கள். சிலரை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். யார் அந்தச் சிலர் என்று புரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு காலை போதுமாக இருந்தது. என் கடவுச்சீட்டைப் பார்த்த சிப்பாய் சிரித்து, ஏதோ ஒரு இந்தி நடிகரின் பெயரைச் சொல்லிவிட்டு அனுப்பினான்.

கூட்டத்தில் நான்கு சபைகளின் ஆட்கள். ஒரு மாநகரம், இரண்டு சிறு நகரங்கள், ஒரு கிராமப் பிரதேசம். தலைமை தாங்கியவர் திட்டமிடல் பணிப்பாளரான ஒரு சிங்களப் பெண்மணி; எங்கள் ஊரில் இயக்குநர் என்போம். எங்கள் ஊர்ச் சண்டைகளே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தன. எங்கள் எல்லைக்குள் வரும் குழாயில் உங்கள் எல்லைக்கு ஏன் தண்ணீர் போக வேண்டும். தீ பிடித்த வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம் என்றால் எங்கள் வண்டி எதற்கு வர வேண்டும். எங்கள் பேருந்து நிலையத்தில் உங்கள் ஊர் வண்டி ஏன் நிற்க வேண்டும். மொழி தெரியாமலே எனக்குப் பாதி விளங்கியது.

தேநீர் இடைவேளையில் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் தீயணைப்பு அதிகாரி சுனில். பருத்த உடம்பு, மெதுவான ஆங்கிலம். மற்றவர் தர்மகுலசிங்கம், குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர், ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் தர்மா என்றார்கள். அவர் என்னை 'மிஸ்' என்று அழைத்தார். இங்கே அலுவலகப் பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம்.

"நாலு சபைக்கும் நாலு மப் இருக்கு மிஸ்," என்றார். வரைபடத்தைத்தான் மப் என்றார். "ஒவ்வொண்டும் தன்ர எல்லையோட முடிஞ்சிடும். ஒரு மப்பில குழாய் வீதிக்கு இடப்பக்கம் வந்து நிக்கும். அடுத்த மப்பில அதே குழாய் வலப்பக்கத்தில தொடங்கும். இடையில எங்க திரும்பினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் நானே நடந்து பார்த்துக் கீறினனான்."

"நாலு வருஷம் நடந்தான்," என்றார் சுனில். "ஞாயிற்றுக்கிழமையும் நடப்பான். அவன் மனைவி என்னைத் திட்டுவாள்."

நான்கு துண்டு வரைபடங்களையும் ஒன்றாக்கி அவர் வரைந்ததை மூன்றாம் நாள் அலுவலகத்தில் காட்டினார். மெல்லிய தாளில் பென்சிலும் வண்ண மையும். குழாய்கள் நீலம். பேருந்துத் தடங்கள் பச்சை. தீயணைப்பு வண்டி தண்ணீர் பிடிக்கும் இடங்கள் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு எண். அந்த எண்ணின் விவரம் வீட்டில் இருக்கும் கொப்பிகளில், அதாவது நோட்டுப் புத்தகங்களில், என்றார். என் வேலைக்காலத்தில் எத்தனையோ வரைபடங்கள் பார்த்திருக்கிறேன். அலுப்பில்லாமல் வரைந்த கை அதில் தெரிந்தது. தப்பாகப் போன இடங்களைக்கூட அடித்துக் கிறுக்காமல், அழிப்பானால் சுத்தமாக அழித்துத் திரும்ப வரைந்திருந்தார்.

அன்று மாலை வெள்ளவத்தையில் அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில், ஒழுங்கை என்பார்கள், மாடியில் இரண்டு அறை. ரயில் போகும்போது சன்னல் கம்பி அதிரும். மனைவி வதனி, பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. என்னை முதல் நிமிடத்திலேயே அக்கா ஆக்கிவிட்டாள். பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பரிமாறிக்கொண்டே, "இவர் உங்களுக்கும் அந்த மப்பைக் காட்டிப்போட்டாரோ?" என்று கேட்டாள். "வந்த ஆக்களுக்கு அல்பம் காட்டுறமாதிரிக் காட்டுவார்." மேசைக்கடியில் கொப்பிகள் அடுக்கியிருந்தன. நீல அட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பிகள். வதனி பள்ளியிலிருந்து கொண்டுவந்தவை.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. இங்கே அது போயா விடுமுறை. அலுவலகம் இல்லை, இறைச்சிக் கடை இல்லை. திங்கட்கிழமை நான் கொட்டாஞ்சேனையை உதாரணமாக வைத்துப் பேச வேண்டியிருந்தது. நகரத்தின் பழைய பகுதி, பழைய இரும்புக் குழாய்கள், தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத தெருக்கள். நேரில் பார்க்க வேண்டும் என்றேன். கட்டாயம் கூட்டிப் போகிறேன் என்றார் தர்மா.

"அந்த வரைபடத்தையும் எடுத்துட்டு வாங்க சார்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "நான் அதை வெளியில கொண்டுபோறதில்லை மிஸ். முந்திக் கொண்டுபோறனான். இப்ப இல்லை."

"வரைபடம் இல்லாம தெருவைப் பார்த்து என்ன புரியும்? ஒரு மணி நேரந்தானே."

இதைச் சொன்னது நான். என்ன குரலில் சொன்னேன் என்பதுகூட நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் இளநிலைப் பொறியாளர்களிடம் பேசும் குரல். விருந்தாளி கேட்டு இல்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை. வியாழன் மாலையே மடித்துப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

காலையில் வதனி எங்களை வழியனுப்பும்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றாள். பேருந்து காலியாக இருந்தது. வழியில் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போகும் குடும்பங்கள். தர்மா உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். இந்த இடத்தில் முன்பு ஒரு நீரேற்று நிலையம் இருந்தது, இந்த வளைவில் குழாய் மூன்று தடவை வெடித்தது என்று, மற்றவர்கள் கோயிலையும் கட்டடத்தையும் காட்டுவதுபோல மண்ணுக்கடியில் இருப்பதைக் காட்டினார்.

கொட்டாஞ்சேனை எனக்கு மதுரையின் பழைய தெருக்களை நினைவூட்டியது. இரும்புக்கடை, நகைக்கடை, மாதா கோயில், பிள்ளையார் கோயில், நடுவில் ஒரு தெருக்குழாய். குடங்களும் வாளிகளும் வரிசையில் இருந்தன. தண்ணீர் நூலாக வந்தது.

எங்களைப் பார்த்ததும் ஒரு பெண் கேட்டாள். "தண்ணி பாக்க வந்தவங்களா?"

"ஓம் அம்மா," என்றார் தர்மா.

"போன வருசமும் வந்தீங்கள்ல. எழுதிக்கிட்டுப் போனீங்க."

"எழுதினது இருக்கு. இந்தத் தெருவுக்குப் பெரிய குழாய் வரவேணும். அது பக்கத்துச் சபையின்ர இடத்தால வரவேணும். அதுக்குத்தான் இப்ப கதைக்கினம்."

"கதைச்சு முடிச்சுட்டு வாங்க," என்றாள் அவள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். தர்மாவும் சிரித்தார்.

அந்தப் பெரிய குழாய் எங்கிருந்து வர வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் கையால் திசை காட்டினார். எனக்குப் போதவில்லை. பையிலிருந்து வரைபடத்தை வாங்கி, ஒரு தாழ்ந்த மதில்மேல் விரித்தது நான்தான். காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு ஓரத்திலும் கல் வைத்தேன். குனிந்து விரல் வைத்து இங்கேயா, இங்கேயா என்று கேட்டேன். அவர் ஒரு கண்ணைத் தெருவில் வைத்தபடி பதில் சொன்னார். போதும் மிஸ், மடிப்பம் என்றார். இன்னும் ஒரு நிமிஷம் என்றேன்.

ஒரு போலீஸ் ஜீப் எங்களுக்குச் சற்று முன்னால் போய் நின்று, பின்னோக்கி வந்தது.

இரண்டு பேர் இறங்கினார்கள். வரைபடம் அப்போது என் கையில் பாதி மடித்தபடி இருந்தது. தர்மா அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். பிறகு அவர்களிடம் சிங்களத்தில் பேசினார். பதற்றமில்லாத குரல். அலுவலக அட்டையைக் காட்டினார். அடையாள அட்டையைக் கேட்டார்கள். அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். ஒருவர் வரைபடத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்துச் சிவப்புப் புள்ளிகளில் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தர்மா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் கேட்டும் பார்த்தார்கள். போயா நாள். அங்கே எடுக்க யாருமில்லை.

என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், நான்தான் கொண்டுவரச் சொன்னேன், என் வேலைக்காக. வரைபடத்தைப் பார்த்தவர் தலையாட்டினார். "நீங்கள் போகலாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

தர்மா ஜீப்பில் ஏறுமுன் என்னிடம் திரும்பினார். "நீங்கள் ஒரு ஓட்டோ பிடிச்சு வீட்டை போங்கோ மிஸ். வதனியிட்ட சொல்லுங்கோ, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பிந்தும் எண்டு."

குழாயடியில் இருந்த பெண்கள் எங்கள் பக்கம் பார்க்காமல் குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போனபோது மேசையில் மூன்று தட்டு வைத்து மூடியிருந்தாள் வதனி. நான் தனியே படியேறி வந்ததைப் பார்த்ததும் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். பிறகு வந்து நின்று கேட்டாள்.

"மப் அவரிட்டயோ?"

"என் கையிலதான் இருந்தது. அவர் வாங்கிக்கிட்டார்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. எந்தத் தெரு, எத்தனை மணி, ஜீப்பில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து சுனிலை அழைத்தாள்.

சுனில் விகாரைக்குப் போன வெள்ளை உடையிலேயே வந்தார். மூவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். வதனியை வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். பேசியதை சுனில் பிறகு எனக்குச் சொன்னார். நீரேற்று நிலையம், பாலம், பேருந்து நிலையம் எல்லாம் ஒரே தாளில் ஏன், யாருக்காக வரைந்தது, சிவப்புப் புள்ளி எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

"சிவப்புப் புள்ளி என்னுடையது என்று சொன்னேன்," என்றார் சுனில். "நெருப்பு பிடித்தால் என் ஆட்கள் எங்கே தண்ணீர் பிடிப்பது? நான் சொல்லித்தான் அவன் போட்டான். என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்."

என் வாக்குமூலத்தையும் வாங்கினார்கள். நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். வரைபடம் என் கையில் இருந்தது என்ற வரி அதில் இருக்கிறதா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

தர்மாவைப் பார்க்க விடவில்லை. மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறது, விசாரித்துவிட்டுச் சொல்வோம் என்றார்கள். வதனி கொண்டுவந்த சாப்பாட்டுப் பொதியை மட்டும் வாங்கி வைத்தார்கள்.

சனிக்கிழமை காலை நான் வதனி வீட்டுக்குப் போனேன். மேசைக்கடியில் இருந்த கொப்பிகளை எல்லாம் தரையில் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வீட்டை வந்து பார்ப்பினம். இதுகளைக் கண்டால் அவர் வரமாட்டார்."

"இது வெறும் வால்வு விவரம் வதனி. யார் பார்த்தாலும் புரியும்."

"மப்பும் அப்பிடித்தானே," என்றாள்.

ஒரு கொப்பியை எடுத்துப் பிரித்தேன். எண் போட்டு, ஒவ்வொரு வால்வுக்கும் நாலைந்து வரி. எந்த வீட்டு மதிலிலிருந்து எத்தனை எட்டு, எந்தப் பக்கம் திருக வேண்டும், எத்தனை சுற்று, யாரிடம் கேட்டறிந்தது. ஓய்வுபெற்ற குழாய்க்காரர்கள் பலரின் பெயர்கள். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாக ஓரத்தில் குறிப்பு. இது போனால் திரும்ப வராது என்று ஒரு பொறியாளராக எனக்குத் தெரியும். விடுதிக்கு எடுத்துப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே என் அறையையும் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கும் வந்தது. என்னோடு இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் என்ன சொல்வது என்று நினைத்து அதையும் சொல்லவில்லை.

அட்டைகளைப் பிரித்தோம். குளியலறையில் ஒரு தகர வாளியில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்தோம். புகை வெளியே போகாமல் சன்னலில் ஈரத்துணி கட்டினாள் வதனி. சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து விட்டோம். மத்தியானம் வரை ஆயிற்று. வதனி ஒரு இடத்தில் நிறுத்தி, ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்தாள். அதில் ஒரு வரி வால்வு பற்றியது அல்ல; 'வதனிக்குத் தலையிடி. இண்டைக்கு வெள்ளென வீட்டை போகவேணும்' என்று எழுதியிருந்தது. அதையும் வாளிக்குள் போட்டாள்.

ஞாயிறு முழுக்க அவளோடு காவல் நிலைய பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் இன்னும் மூன்று பெண்கள். எல்லோர் மடியிலும் சாப்பாட்டுப் பொதி. யாரும் யாரிடமும் எதற்காக என்று கேட்கவில்லை. எந்தப் பேருந்தில் வந்தால் வெயிலுக்கு முன் வரலாம் என்பதை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

திங்கள் கூட்டம் நடந்தது. தர்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. தொடங்குமுன் பணிப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதைப் பற்றிச் சபையில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "நான் எழுத வேண்டிய கடிதத்தை எழுதிவிட்டேன். பேசினால் அவருக்குக் கெடுதல்" என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அவரும் பயந்திருந்தார்.

பத்து மணிக்கு மேல் ஒருவர் ஓடிவந்து சுனிலை வெளியே அழைத்தார். இரண்டு சபைகளின் எல்லையில், ஒரு கால்வாய்க்கரைத் தெருவில் பெரிய குழாய் வெடித்துவிட்டது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருக்கிறது. அருகிலிருந்த ஒரு மகப்பேற்று விடுதிக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு சபைகளின் ஆட்களும் வந்துவிட்டார்கள். அடைக்கும் வால்வு உங்கள் பக்கத்தில் என்று இவர்கள், உங்கள் பக்கத்தில் என்று அவர்கள். இரண்டு வரைபடத்திலும் அந்த வால்வு இல்லை.

மண்டபத்தில் எல்லோரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். பணிப்பாளர் எழுந்துபோய்த் தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். பிறகு சுனிலையும் என்னையும் காவல் நிலையத்துக்கு அனுப்பினார்.

முன் அறையில் ஒரு மேசைக்குப் பக்கத்தில் தர்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்று நாள் தாடி. சட்டையின் மேல் பொத்தான் இல்லை. சுனில் தெருப் பெயரைச் சொன்னதும், "எட்டிஞ்சிக் குழாயோ?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, ஒரு காகிதம் கேட்டார்.

அங்கிருந்த காவல் அதிகாரி அந்தப் பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வரைய வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்றார்.

தர்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சுனில் எழுதினார். அரச மரத்தடிச் சிலையிலிருந்து கால்வாய்ப் பக்கம் முப்பது எட்டு வைக்க வேண்டும். காய்கறிக் கடைக்காரி சாக்கு விரிக்கும் பலகையைத் தூக்கினால் மூடி. பழைய வால்வு, இடப்பக்கம் திருகினால்தான் மூடும். வலப்பக்கம் திருகக் கூடாது, தண்டு முறிந்துவிடும். மெதுவாகத் திருக வேண்டும். சுனில் திரும்பப் படித்துக் காட்டினார். "மெதுவாக என்பதை ஆட்களிடம் இரண்டு தடவை சொல்" என்றார் தர்மா.

அதிகாரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

உள்ளே கொண்டுபோகுமுன் தர்மா என்னைப் பார்த்தார். "கொட்டாஞ்சேனையைப் பற்றிக் கதைச்சாச்சோ மிஸ்?"

"பேசினோம் சார்."

பேசவில்லை. அந்தப் பகுதியை நிகழ்ச்சி நிரலிலிருந்தே எடுத்திருந்தார்கள்.

பலகைக்கடியில்தான் வால்வு இருந்தது. மத்தியானத்துக்குள் அடைத்துவிட்டார்கள். மறுநாள் கூட்டத்தில் ஒத்துழைத்த அதிகாரிகள் அனைவருக்கும் நன்றி தெரிவிக்கப்பட்டது. பெயர் எதுவும் சொல்லப்படவில்லை. கூட்டுத் திட்டத்தின் அவசியத்துக்கு இந்தச் சம்பவமே சாட்சி என்று ஒரு சபைத் தலைவர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். சுனில் எழுந்து வெளியே போய்விட்டார். புகை பிடிக்காதவர், ஒரு சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் வாசலில் நின்றார்.

புதன்கிழமை தர்மாவை விட்டார்கள். வரைபடத்தைத் தரவில்லை. பிறகு நடந்ததைச் சுனில் எனக்குக் கடிதத்தில் எழுதினார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தர்மா வேலைக்குத் திரும்பினார். அவரைக் குடிநீர்க் கட்டணப் பிரிவுக்கு மாற்றினார்கள். வருடம் முடியுமுன் வேலையை விட்டு, வதனியின் அண்ணன் இருந்த நாட்டுக்கு இருவரும் போய்விட்டார்கள். நான்கு சபைகளின் கூட்டறிக்கை நல்ல தாளில் அச்சாகி வந்தது. அதில் நான்கு வரைபடங்கள் தனித்தனியே இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் எல்லையோடு முடிகிறது.

நான் கிளம்பிய வியாழக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தர்மா குளித்துச் சவரம் செய்து மேசையில் உட்கார்ந்திருந்தார். தேநீர்க் கோப்பையை இடக் கையால் தூக்கினார். வலக் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"மப் போனால் போகட்டும் மிஸ்," என்றார். "கொப்பியள் இருக்குத்தானே. ஆறு மாதத்தில திரும்பக் கீறலாம்."

வதனி சமையலறை வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன்.

"கொப்பியள் இல்லை," என்றாள். "எரிச்சிட்டம்."

அவர் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். வந்த பிறகு அதுவரை பார்த்திருக்கவில்லை போலும்.

"எல்லாமோ?"

"எல்லாம்."

"பொலிஸ்காரர் வந்து பார்த்தவையோ?"

வதனி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "ஒருத்தரும் வரேல்லை," என்றாள்.

அவர் தலையாட்டினார். கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். நல்லதுதான், வந்திருந்தால் வில்லங்கம் என்றார். அதைச் சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை.

என்னால் உட்கார முடியவில்லை. "நான் கேட்டிருக்கக் கூடாது சார்," என்றேன். "நீங்க வேண்டாம்னுதான் சொன்னீங்க."

"அப்பிடி நினைக்காதேங்கோ மிஸ். நீங்கள் கேட்காட்டிலும் எண்டைக்கோ ஒருநாள் இது நடந்திருக்கும்."

"நடந்திருக்காது," என்றாள் வதனி.

கோபமாகச் சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்றபடி, கணக்கில் பிழை திருத்தும் ஆசிரியையின் குரலில் சொன்னாள். தர்மா அவளைத் தடுக்கவில்லை. அவள் சொன்னது சரி.

ஆனாலும் ஓட்டோ பிடித்துத் தர என்னோடு படியிறங்கி ஒழுங்கை முனை வரை வந்தாள். என் பெட்டியைத் தானே தூக்கி வைத்தாள். வழியில் சாப்பிட இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டி என் கையில் தந்தாள். ஓட்டோக்காரரிடம் எந்த வழியாகப் போனால் சோதனை குறைவு என்று சிங்களத்தில் சொன்னாள். கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை குளிர்ந்திருந்தது.

"சுகமாப் போய்ச் சேருங்கோ அக்கா," என்றாள். "கடிதம் மட்டும் போடாதேங்கோ."

நான் போடவில்லை.